அக்கூஸ்டிக் கிட்டாரில் ஓப்பன் டியூனிங்: பயன், தேர்வு, பராமரிப்பு

கிட்டாரின் வழக்கமான சுருதி அமைப்பான ஸ்டாண்டர்டு டியூனிங்கில் சில ஆண்டுகள் வாசித்துப் பழகிய ஒருவர், விரல் வைக்காமல் மீட்டினாலே தந்திகள் ஒரு கார்டாக (சேர்ந்திசைக்கும் சுரக்கூட்டாக) ஒலிக்கும்படி சுருதி சேர்க்கும் ஓப்பன் டியூனிங்குகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அவற்றால் உண்மையில் என்ன பயன், எதில் தொடங்கலாம், அடிக்கடி சுருதியை மாற்றினால் கிட்டாருக்குக் கேடு வருமா, இதுவரை கற்ற கார்ட் வடிவங்கள் எல்லாம் வீணாகிவிடுமா என்பவை அவருடைய கேள்விகள். ஒற்றை விரலால் கார்ட் பிடிக்கலாம் என்பதையே இந்த டியூனிங்குகளின் பெருஞ்சிறப்பாகப் பலரும் சொல்வார்கள். நான் அதை இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன். விரல் படாத தந்திகள் பாட்டின் ஆதார சுருதியைச் சுமந்துகொண்டு, நாம் வாசிக்கும் ஒவ்வொரு சுரத்துக்கும் பின்னால் ஒலித்துக்கொண்டே இருப்பதுதான் முதன்மையான பயன். எந்த டியூனிங்கைத் தேர்ந்தெடுப்பது, அதில் எப்படிப் பயில்வது என்பதையெல்லாம் இதை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்தப் பதிலில் மெல்லிய தந்தியை முதலாவது என்றும் தடித்த தந்தியை ஆறாவது என்றும் எண்ணுகிறேன். சுருதிகளை ஆறாவது தந்தியில் தொடங்கி எழுதுகிறேன். அதன்படி ஸ்டாண்டர்டு டியூனிங் ஈ-ஏ-டி-ஜி-பி-ஈ ஆகும். இதில் மூன்றாவது தந்திக்கும் இரண்டாவது தந்திக்கும் இடையே நான்கு ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகளால் பிரிந்த, அரைச் சுர அளவுள்ள கட்டம்) இடைவெளியும், மற்ற எல்லா இடங்களிலும் ஐந்து ஃப்ரெட் இடைவெளியும் இருக்கின்றன. எந்த ஸ்கேலிலும் எந்தக் கார்டையும் கை எட்டும் தூரத்தில் பிடிப்பதற்கு ஏற்ற ஏற்பாடு இது. ஆனால் ஆறு தந்திகளையும் வெறுமனே மீட்டினால் எந்தப் பாட்டுக்கும் பொருந்தும் கார்ட் வராது. ஓப்பன் டியூனிங்கில் நிலைமை நேர்மாறானது: ஒரு ஸ்கேலில் மிகுந்த செழுமை கிடைக்கும், மற்ற ஸ்கேல்களில் வசதி குறையும்.

நம்முடைய சுரப் பெயர்களில் எழுதிப் பார்த்தால் இவற்றின் அமைப்பு உடனே விளங்கும். ஓப்பன் டி என்பது டி-ஏ-டி-எஃப் ஷார்ப்-ஏ-டி. டி-யைச் சட்ஜமாக வைத்தால் ச-ப-ச-க-ப-ச. ஓப்பன் ஜி என்பது டி-ஜி-டி-ஜி-பி-டி. ஜி-யைச் சட்ஜமாக வைத்தால் ப-ச-ப-ச-க-ப. இரண்டிலும் வருவது அந்தர காந்தாரம், அதாவது மேஜர் கார்டுக்குரிய உயர்ந்த காந்தாரம். டாட்கேட் என்று எழுத்துகளைச் சேர்த்தே அழைக்கப்படும் டி-ஏ-டி-ஜி-ஏ-டி டியூனிங்கில் காந்தாரம் நீங்கி, அந்த இடத்தில் மத்தியமம் வந்து ச-ப-ச-ம-ப-ச ஆகிறது. மூன்றிலும் ஆறு தந்திகளில் ஐந்து, சட்ஜமாகவோ பஞ்சமமாகவோ நிற்கின்றன. தம்புராவில் ஆதார சுருதி செய்யும் வேலையை இங்கே கிட்டாரே தனக்குத்தானே செய்துகொள்கிறது. ஒரு தந்தியில் டி வாசித்தால், டி சுருதியில் இருக்கும் மற்ற தந்திகளும் கை படாமலே அதிர்கின்றன. ஓப்பன் டியூனிங்கில் கிட்டார் பெரிதாக ஒலிப்பதாகத் தோன்றுவதற்கு இந்த உடனதிர்வே பெருங்காரணம்.

ஓப்பன் ஜி-க்கு ஆறாவது, ஐந்தாவது, முதலாவது ஆகிய மூன்று தந்திகளையும் இரண்டு ஃப்ரெட் அளவு இறக்கினால் போதும். நடுவிலுள்ள நான்காவது, மூன்றாவது, இரண்டாவது தந்திகள் ஸ்டாண்டர்டில் இருந்தபடியே இருக்கின்றன. எனவே அந்த மூன்று தந்திகளில் நீங்கள் அறிந்த வடிவங்கள் அனைத்தும் அப்படியே செல்லுபடியாகும். கற்றது வீணாகுமா என்ற கவலைக்கு இது ஓரளவு பதில். வெறும் தந்திகளை மீட்டினால் ஜி மேஜர். ஐந்தாம் ஃப்ரெட்டில் ஒரு விரலைக் குறுக்காக வைத்தால் சி. ஏழாம் ஃப்ரெட்டில் டி. ஏராளமான பாடல்களுக்கு இந்த மூன்று கார்ட்களே போதுமானவை. ஆனால் அத்தோடு நின்றுவிடுபவர்கள் சில வாரங்களில் சலித்துப்போகிறார்கள், ஏனெனில் விரலைக் குறுக்காக வைத்த மறுகணமே வெறும் தந்திகளின் ஒலி நின்றுவிடுகிறது. அதற்குப் பதிலாக நான்காவது தந்தியில் இரண்டாம் ஃப்ரெட்டையும் இரண்டாவது தந்தியில் முதல் ஃப்ரெட்டையும் மட்டும் அழுத்திப் பாருங்கள். மூன்றாவது தந்தி வெறுமனே ஒலிக்க, நடுத்தந்திகள் மூன்றிலும் ஈ-ஜி-சி என்று சி மேஜர் உருவாகும். ஐந்தாவது தந்தியின் ஜி அதன் அடியில் நிற்கும். விரல்களை எடுத்தால் மறுபடியும் ஜி. இந்த அசைவை எந்த ஃப்ரெட்டிலும் ஒரு விரலைக் குறுக்காக வைத்து அதன் மேல் செய்யலாம். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கிட்டார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸின் ரிதம் வாசிப்பில் பெரும்பகுதி இதிலிருந்து வளர்ந்ததே. அவர் ஆறாவது தந்தியைக் கழற்றிவிட்டு, ஜி-டி-ஜி-பி-டி என ஐந்து தந்திகளோடு வாசிப்பவர்; அடியில் பஞ்சமம் ஒலித்துச் சட்ஜத்தின் இடத்தைக் குழப்பாமல் இருக்க அது உதவுகிறது. நீங்கள் தந்தியைக் கழற்ற வேண்டியதில்லை. கட்டைவிரல் பேஸை ஐந்தாவது தந்தியில் தொடங்கப் பழகினால் போதும்.

ஓப்பன் டி-க்கு ஆறாவது, இரண்டாவது, முதலாவது தந்திகளை இரண்டு ஃப்ரெட் அளவும், மூன்றாவதை ஒரு ஃப்ரெட் அளவும் இறக்க வேண்டும். அடியில் சட்ஜமே இருப்பதால் கட்டைவிரல் ஆறாவதிலும் நான்காவதிலும் மாறி மாறித் தாளம் கட்ட இது மிகவும் ஏற்றது. பலர் கவனிக்காத ஓர் உறவு இங்கே இருக்கிறது. அடுத்தடுத்த தந்திகளுக்கு இடையே உள்ள ஃப்ரெட் இடைவெளிகளை வரிசையாக எழுதினால் ஓப்பன் டி 7-5-4-3-5 என்றும், ஓப்பன் ஜி 5-7-5-4-3 என்றும் வரும். 7-5-4-3 என்ற தொடர் இரண்டிலும் இருக்கிறது. ஓப்பன் ஜி-யில் அது ஒரு தந்தி தள்ளி, முதலாவது தந்தியை நோக்கி நகர்ந்திருக்கிறது, அவ்வளவே. ஆகவே ஓப்பன் டி-யில் ஆறாவது முதல் இரண்டாவது வரையுள்ள தந்திகளில் கற்ற எந்த வடிவத்தையும் ஓப்பன் ஜி-யில் ஐந்தாவது முதல் முதலாவது வரை அப்படியே வைக்கலாம். ஒன்றை முழுமையாகக் கற்றால் மற்றதில் பெரும்பகுதி தானாகவே கைவசமாகிவிடும்.

மேஜர் ஓப்பன் டியூனிங்குகளுக்கு ஒரு குறை உண்டு. அந்தர காந்தாரம் வெறும் தந்தியிலேயே இருப்பதால், மைனர் கார்ட் வேண்டும்போது அந்தத் தந்தியைக் கீழே இறக்க வழியில்லை. ஃப்ரெட்டில் அழுத்தினால் சுருதி ஏறத்தான் செய்யும். இதற்கு ஒரு தீர்வு, காந்தாரத்தை முதலிலேயே ஒரு ஃப்ரெட் இறக்கி டி-ஏ-டி-எஃப்-ஏ-டி என்று வைப்பது. அப்போது வெறும் தந்திகள் மைனராக ஒலிக்கும். மூன்றாவது தந்தியின் முதல் ஃப்ரெட்டை ஒரு விரலால் அழுத்தினால் மேஜராகிவிடும். மிசிசிப்பியின் ப்ளூஸ் கலைஞர் ஸ்கிப் ஜேம்ஸின் இசையில் கேட்கும் இருண்ட, ஒரு நிலையில் நில்லாத ஒலிக்கு இந்த மைனர் டியூனிங் முக்கியக் காரணம். இரண்டாவது தீர்வு, காந்தாரத்தையே விட்டுவிடுவது. 1960களின் தொடக்கத்தில் ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் டேவி கிரஹாம் மொராக்கோவில் ஊத் என்ற அரபுத் தந்திக் கருவியின் வாசிப்பைக் கேட்டபின், அதற்கு இசைவாகக் கிட்டாரில் அமைத்துக்கொண்டது டாட்கேட். பிறகு அது பிரிட்டிஷ், ஐரிஷ் நாட்டுப்புற இசையில் வேரூன்றியது. பிரெஞ்சுக் கலைஞர் பியர் பென்சுசான் அநேகமாக அதை மட்டுமே வைத்துத் தம் இசை வாழ்வை அமைத்துக்கொண்டார்.

டாட்கேட்டில் கிட்டாரை வைத்துக்கொண்டு இதைச் செய்து பாருங்கள். மூன்றாவது தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டில் ஒரு விரலை வைத்து எல்லாத் தந்திகளையும் மீட்டினால் டி-யும் ஏ-வும் மட்டுமே ஒலிக்கும். மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. அந்த விரலை எடுக்காமல் நான்காவது தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டைச் சேர்த்து அழுத்தினால் டி மைனர். அதையே நான்காம் ஃப்ரெட்டுக்கு நகர்த்தினால் டி மேஜர். ஒரே விரலின் ஒரு ஃப்ரெட் நகர்வில் பாட்டின் முகமே மாறுவதைக் காது உடனே உணரும். அடுத்து, நான்காவது தந்தியை நான்காம் ஃப்ரெட்டில் அழுத்தியபடி அதை மீட்டி, மூன்றாவது தந்தியை வெறுமனே மீட்டி, இரண்டாவதையும் வெறுமனே மீட்டுங்கள். க-ம-ப என்று மூன்று சுரங்களும் மூன்று தந்திகளில், ஒன்றையொன்று அணைக்காமல் சேர்ந்து நீளும். தொடர்ந்து மூன்றாவது தந்தியின் நான்காம் ஃப்ரெட், இரண்டாவது தந்தியின் நான்காம் ஃப்ரெட், முதலாவது வெறுமனே என்று வாசித்தால் த-நி-ச. ஸ்டாண்டர்டில் இப்படி அடுத்தடுத்த சுரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஒலிக்கவிடுவதற்கு விரல்களை மிகவும் விரிக்க வேண்டியிருக்கும். வெறும் தந்தியில் ஒலிக்கும் சுரத்துக்குக் கமகம் கொடுக்க முடியாது என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். அசைவு தேவைப்படும் சுரங்களை அழுத்திய தந்தியிலும், அசையாமல் நிற்க வேண்டியவற்றை வெறும் தந்தியிலும் அமைத்துக்கொள்வது இந்த டியூனிங்கில் மெலடி வாசிப்பவருக்கு முக்கியமான பயிற்சி.

எதில் தொடங்குவது என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். பாடிக்கொண்டே வாசிப்பவர், மேஜர் கார்ட்களை அதிகம் பயன்படுத்துபவர் என்றால் ஓப்பன் ஜி. தனி வாசிப்பும் மெலடியும் விருப்பம் என்றால் டாட்கேட். இன்னும் தயக்கம் இருந்தால் ஆறாவது தந்தியை மட்டும் டி-க்கு இறக்கிச் சில நாள் வாசித்துப் பாருங்கள். அது ஓப்பன் டியூனிங் ஆகாது என்றாலும், அடியில் ஒரு சட்ஜம் நிலைத்து நிற்கும்போது காதுக்கு என்ன நேர்கிறது என்பதைக் காட்டிவிடும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதிலேயே சில மாதங்களாவது நிலைத்திருங்கள். பல டியூனிங்குகளில் இரண்டிரண்டு அழகான வடிவங்களைச் சேர்த்து வைத்திருப்பவர்களை நிறையவே காண்கிறோம். அவர்களால் ஒன்றில்கூட ஒரு முழுப் பாட்டைச் சரளமாக வாசிக்க முடிவதில்லை. சட்ஜம், காந்தாரம், பஞ்சமம் ஆகிய மூன்றும் ஒவ்வொரு தந்தியிலும் எந்தெந்த ஃப்ரெட்டில் விழுகின்றன என்பதை முதலில் மனத்தில் பதியவைத்துக்கொண்டால், கார்ட் வடிவங்களை யாரும் சொல்லித்தர வேண்டியிராது, நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

சுருதி மாற்றுவதற்கு டியூனர் இருந்தால் வேலை எளிது. ஆயினும் காதால் மாற்றக் கற்றுக்கொள்ளும்படி வற்புறுத்துவேன், ஏனெனில் டியூனிங்கின் உள்ளமைப்பு அப்போதுதான் மனத்தில் பதிகிறது. டாட்கேட்டை எடுத்துக்கொள்வோம். ஆறாவது தந்தியின் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே விரலை லேசாகத் தொட்டு மீட்டி ஹார்மோனிக் (மணிபோன்ற மேல் ஒலி) எழுப்புங்கள். கூடவே நான்காவது தந்தியை வெறுமனே மீட்டுங்கள். ஆறாவதை மெல்ல இறக்கிக்கொண்டே வந்தால், இரண்டு ஒலிகளுக்கும் இடையே வேகமாகத் துடிக்கும் ஓர் அலைவு கேட்கும். சுருதி நெருங்க நெருங்க அந்த அலைவு மெதுவாகி, சேர்ந்ததும் நின்றுவிடும். அதேபோல் நான்காவதின் பன்னிரண்டாம் ஃப்ரெட் ஹார்மோனிக்கோடு முதலாவதையும், ஐந்தாவதின் ஹார்மோனிக்கோடு இரண்டாவதையும் சேருங்கள். ஓப்பன் ஜி-க்கு ஆறாவதும் முதலாவதும் இதே முறைதான். ஐந்தாவதின் ஹார்மோனிக் மூன்றாவது வெறும் தந்தியோடு சேர வேண்டும். எப்போதும் வேண்டிய சுருதிக்குச் சற்றுக் கீழே இறக்கிவிட்டு, அங்கிருந்து ஏற்றிச் சேருங்கள்; இல்லாவிட்டால் டியூனிங் கீயின் பற்களில் தங்கும் தளர்வு வாசிக்கும்போது இழுபட்டுச் சுருதி இறங்கிவிடும். சில தந்திகளை இறக்கியதும் மொத்த இழுவிசை குறைந்து கழுத்து சற்றே தளர்வதால், தொடாத தந்திகளின் சுருதி சிறிது ஏறியிருக்கும். எனவே முழுவதையும் இரண்டாம் முறை சரிபார்க்காமல் வாசிக்கத் தொடங்காதீர்கள்.

ஓப்பன் டி-யிலும் ஓப்பன் ஜி-யிலும் டியூனர் சரியென்று காட்டிய பிறகும் காந்தாரம் சற்றுக் கூர்மையாக உறுத்துவதைச் செவிக்கூர்மை உள்ளவர்கள் உணர்வார்கள். அது பிரமை அல்ல. டியூனர் பின்பற்றும் சமப் பகுப்பு முறையில் மேஜர் காந்தாரம், இயற்கையான 5:4 விகிதத்தைவிட ஏறத்தாழ 14 சென்ட் உயர்ந்திருக்கிறது. ஒரு ஃப்ரெட் என்பது 100 சென்ட். ஸ்டாண்டர்டில் இது பெரிதாகத் தெரிவதில்லை. ஓப்பன் டியூனிங்கிலோ, ஐந்து தந்திகள் சட்ஜ பஞ்சமத்தில் அசையாமல் நிற்க, நடுவே ஒற்றைக் காந்தாரம் நீண்டு ஒலிப்பதால் அந்த வேறுபாடு வெளிப்பட்டுவிடுகிறது. காந்தாரத் தந்தியைச் சிறிது இறக்கினால் வெறும் கார்ட் தேன்போல் இனிக்கும். ஒரு விரலைக் குறுக்காக வைத்துப் பிடிக்கும் கார்ட்களிலும் அதே தந்தி காந்தாரமாகவே இருப்பதால் அங்கும் இனிக்கும். ஆனால் ஓப்பன் டி-யில் அதே மூன்றாவது தந்தியின் முதல் ஃப்ரெட்டில் ஜி-யை அழுத்தினால், அது அந்த அளவுக்குத் தாழ்ந்து ஒலிக்கும். தந்திகளின் மேல் ஒரு குழாயை நகர்த்தி வாசிக்கும் ஸ்லைடு முறையை மட்டும் கையாள்பவர் முழு 14 சென்டையும் இறக்கலாம். விரல்களால் வாசிப்பவர் 5 அல்லது 6 சென்ட் இறக்கி நிறுத்திக்கொள்வது நல்ல சமரசம்.

இனிக் கிட்டாரின் நலம். ஒரு தந்தியின் இழுவிசை அதன் அதிர்வெண்ணின் இருபடிக்கேற்ப மாறுகிறது. ஆகவே இரண்டு ஃப்ரெட் இறக்கினால் அந்தத் தந்தியின் இழுவிசை ஏறத்தாழ 20 விழுக்காடு குறைகிறது. இரண்டு ஃப்ரெட் ஏற்றினால் 26 விழுக்காடு கூடுகிறது. டாட்கேட்டில் மூன்று தந்திகள் இறங்குவதால் மொத்த இழுவிசையில் குறைவது பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் கீழ்தான். நல்ல நிலையில் உள்ள எந்தக் கிட்டாருக்கும் இதனால் தீங்கு நேராது. கவனிக்க வேண்டியவை ஏற்றும் டியூனிங்குகள். ஈ-பி-ஈ-ஜி ஷார்ப்-பி-ஈ என்ற ஓப்பன் ஈ-யிலும், ஈ-ஏ-ஈ-ஏ-சி ஷார்ப்-ஈ என்ற ஓப்பன் ஏ-விலும் மூன்று மூன்று தந்திகள் மேலே ஏறுகின்றன. பழைய கிட்டாரிலும் மெல்லிய மேற்பலகை கொண்ட கிட்டாரிலும் இது தந்திகளைப் பலகையோடு பிணைத்திருக்கும் பிரிட்ஜை இழுத்துத் தூக்கக்கூடும், தந்திகளும் அறுந்துபோகலாம். இந்த ஆபத்தை ஏற்க வேண்டிய தேவையே இல்லை. ஓப்பன் டி-யில் இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டால் கிடைப்பது ஓப்பன் ஈ. ஓப்பன் ஜி-யில் அதே இடத்தில் போட்டால் ஓப்பன் ஏ. பாடுபவரின் குரலுக்கு ஏற்றபடி ஸ்கேலை மாற்றுவதற்கும் கேப்போவே வழி.

இறக்கும்போது வரும் தொல்லை வேறு வகையானது. தளர்ந்த தந்தி அகலமாக அதிர்வதால் ஃப்ரெட்களில் உரசி இரையும். அழுத்தும்போது சுருதி அதிகமாக ஏறிவிடும். இரண்டு ஃப்ரெட் இறக்கத்தை 12 முதல் 53 வரையிலான (தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில்) வழக்கமான லைட் தந்திகள் தாங்கும். சி-ஜி-சி-ஜி-சி-ஈ என்ற ஓப்பன் சி-யில் ஆறாவது தந்தி நான்கு ஃப்ரெட் இறங்கி, இழுவிசையில் 37 விழுக்காட்டை இழக்கிறது. அதில் நிலையாக வாசிக்க விரும்புபவர் 13 முதல் 56 வரையிலான மீடியம் தந்திகளுக்கு மாறுவது நல்லது, அதற்குக் கிட்டார் தகுதியானதா என்பதை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். சுருதி மாற்றும்போது தந்தி ‘டிங்’ என்று துள்ளினால் கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் நட்டின் பள்ளத்தில் அது சிக்குகிறது என்று பொருள். பென்சில் முனையின் கிராஃபைட்டை அந்தப் பள்ளத்தில் சிறிது தேய்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். நாள்தோறும் மாற்றிக்கொண்டே இருந்தால் தந்திகள் சற்று விரைவில் தளர்ந்து போகும். வேறு கேடு இல்லை.

ஸ்லைடு வாசிப்பில் ஓப்பன் டியூனிங் விருப்பத்தைப் பொறுத்த விஷயம் அல்ல, ஏறத்தாழ கட்டாயம். நேரான ஒரு குழாயைத் தந்திகளின் குறுக்கே வைத்து முழுக் கார்ட் எழுப்ப வேண்டுமானால், தந்திகள் முன்பே கார்டாக அமைந்திருக்க வேண்டும். ஸ்லைடை ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே வையுங்கள், தந்தியை ஃப்ரெட்டில் படும்வரை அழுத்தாதீர்கள், ஸ்லைடுக்குப் பின்னாலுள்ள பகுதியை மற்ற விரல்களால் மென்மையாக அணைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு டியூனிங்கில் ஏதேனும் உருவாக்கினால் அதைக் குறித்து வைக்கும் வழக்கத்தை முதல் நாளிலிருந்தே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். சிறுவயதில் போலியோ தாக்கியதால் இடக்கை வலுவிழந்த கனடியப் பாடகி, பாடலாசிரியர் ஜோனி மிட்செல், ஐம்பதுக்கும் மேற்பட்ட டியூனிங்குகளைப் பயன்படுத்தியவர். அவற்றைக் குறிக்க வழங்கும் முறை மிக எளிமையானது: ஆறாவது தந்தியின் சுருதியை எழுதி, அதையடுத்து ஒவ்வொரு தந்தியையும் எந்த ஃப்ரெட்டில் அழுத்தினால் அடுத்த தந்தியின் சுருதி வரும் என்ற எண்களை வரிசையாக எழுதுவது. அதன்படி ஸ்டாண்டர்டு ஈ55545, ஓப்பன் டி டி75435, ஓப்பன் ஜி டி57543, டாட்கேட் டி75525. டியூனர் கையில் இல்லாதபோதும் இந்த எண்களைக் கொண்டே தந்திகளைச் சேர்த்துவிடலாம். 1974இல் இளம் வயதிலேயே மறைந்த ஆங்கிலேயப் பாடகர், கிட்டார் கலைஞர் நிக் டிரேக்கின் டியூனிங்குகளைப் பின்வந்தவர்கள் ஒலிப்பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் ஊகிக்க வேண்டியிருந்தது. உங்கள் பாட்டுக்கு அந்த நிலை வராதிருக்க, டியூனிங்கோடு கேப்போ வைத்த ஃப்ரெட்டையும் காந்தாரத்தை எத்தனை சென்ட் இறக்கினீர்கள் என்பதையும் பாட்டு வரிகளுக்கு மேலேயே எழுதி வையுங்கள்.